மனப்பாடமும் மறுவினாவும்: சிறார்க்கு அறிவியல் சொன்ன பாட்டின் வரலாறு

1825ஆம் ஆண்டு. புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணியர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அவ்வாண்டு மே 31க்கும் ஜூன் 1க்கும் இடைப்பட்ட இரவுக்குரிய கிரகணம் அது. கணக்குக்கு வேண்டிய அட்டவணைகளை அவர் ஏட்டைப் புரட்டித் தேடவில்லை. சொற்கோவைகளாக மனத்தில் பதித்திருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் சோழிகளை நகர்த்தினார். சென்னை வானாய்வகத்தில் பொறுப்பு வகித்தவரான ஜான் வாரன் அதனை அருகிருந்து குறித்துக்கொண்டு, அவ்வாண்டிலேயே வெளியான தம் 'கால சங்கலித' என்னும் நூலில் பதிவு செய்தார். கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம், அவ்வளவே பிழை.

வாரன் மற்றொன்றையும் எழுதி வைத்தார். அந்தக் கணியர்க்குத் தாம் செய்த கணக்கின் உட்பொருள் தெரியாது. கிரகணம் ஏன் நிகழ்கிறது, சந்திரனின் வேகம் ஏன் நாளுக்கு நாள் மாறுகிறது என்னும் கொள்கைகளை அவர் கற்றிருக்கவில்லை. 1952இல் அறிவியல் வரலாற்றறிஞர் ஆட்டோ நியூகெபாவர் 'தமிழ் வானியல்' என்ற தலைப்பில் இச்செய்தியை மீண்டும் ஆராய்ந்தபோது உலக அறிஞர்கள் வியந்தனர். பொருள் அறியாத ஒருவரின் நாவில், பல நூற்றாண்டுப் பழமையுடைய கணித முறையொன்று சிதையாமல் வந்து சேர்ந்திருந்தது.

சிறார்க்குப் பாட்டால் அறிவியல் கற்பித்தல் என்னும் பொருளைச் சிந்திப்போர் இந்த நிகழ்ச்சியில் தொடங்குவது தகும். ஓசையின் வலிமையும் வரம்பும் இதில் ஒருங்கே தெரிகின்றன. ஓசை அறிவைக் காக்கும். காத்த அறிவை விளக்கும் பொறுப்பு ஓசைக்கு இல்லை. அப்பொறுப்பை யார் ஏற்பது என்பதே இவ்வரலாறு நெடுகத் தொடரும் வினா.

திண்ணைப் பள்ளியின் ஓசை

அச்சு நூல் பரவுவதற்கு முன், கல்வி என்பது பெரும்பாலும் செவியின் வழியே நிகழ்ந்தது. திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிக்கொண்டே பிள்ளைகள் உரக்கச் சொன்னார்கள். சட்டாம்பிள்ளை முன்னே சொல்ல, மற்றவர்கள் பின்னே சொன்னார்கள். 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர் மகன்களுக்கான அநாதை இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதும் இவ்வழக்கத்தை இந்நாட்டுப் பள்ளியில் கண்டு எடுத்துக்கொண்டு, மாணவர்க்கு மாணவரே கற்பிக்கும் முறையையும் அதனோடு சேர்த்து 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்குச் சென்றது.

எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் ஆகியவை இத்திண்ணைகளில் ஒலித்தவை. மாகாணி என்பது பதினாறில் ஒன்று. காணி என்பது எண்பதில் ஒன்று. முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒன்று. இத்தனை நுண்ணிய பின்னங்களை ஏழெட்டு வயதுப் பிள்ளை மனத்தில் நிறுத்த ஓசையொழுங்கு துணை செய்தது. எதுகையும் மோனையும் செய்யுளுக்கு அழகு சேர்ப்பன என்று யாப்பு நூலார் கூறுவர். கற்பித்தல் நோக்கில் அவை நினைவின் காவலர்கள். ஒரு சொல் தவறினால் எதுகை இடறும். இடறிய இடத்தில் பிள்ளை தானே நின்று திருத்திக்கொள்ளும். உரைநடையில் ஒரு சொல் மாறினால் அதைக் காட்டிக் கொடுக்க எவரும் இல்லை.

கொறுக்கையூர்க் காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரம் இம்மரபின் சிறந்த விளைவு. நிலம், நெல், பொன், காலம் ஆகிய அளவைகளோடு, பிள்ளைகளின் விளையாட்டு மனத்தைக் கவரும் கணக்குகளும் அதில் செய்யுளாக உள்ளன. பலாப்பழத்தை அறுக்காமலேயே சுளைகளின் எண்ணிக்கையைச் சொல்லும் வழி அவற்றுள் ஒன்று. காம்பின் அருகில் உள்ள சிறு முட்களை எண்ணி, அத்தொகையை ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். முட்கள் ஐம்பதாயின் சுளைகள் அறுபது.

இச்செய்யுளின் சிறப்பு அதன் விடையில் மட்டும் இல்லை. பழத்தை அறுத்து எண்ணிப் பார்க்கலாம் என்பதே அதன் பெருஞ்சிறப்பு. பலா ஒரு கூட்டுக்கனி. பல பூக்கள் சேர்ந்து ஒரு பழமாகின்றன. தோலின் ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவின் தடம். கருவுற்ற பூக்களே சுளையாகின்றன. மற்றவை சடையாக நிற்கின்றன. ஆகவே எல்லா மரத்துக்கும் எல்லாப் பழத்துக்கும் ஒரே விகிதம் பொருந்துமா என்னும் ஐயம் இயல்பாக எழும். செய்யுளைச் சொல்லிவிட்டு ஆசிரியர் கத்தியையும் கையில் எடுத்தாரானால் அன்றைய பாடம் அறிவியல் பாடமாகும். செய்யுளோடு நிறுத்திக்கொண்டாரானால் அது மனப்பாடமாகும். ஒரே செய்யுளுக்கு இந்த இரண்டு விதியும் உண்டு.

குறத்தி பாடிய உலகப்படம்

பழம் பாட்டு வடிவத்தில் புதிய அறிவியலை ஏற்றும் முயற்சிக்குத் தஞ்சாவூர் மிக முந்திய களம். 1798 முதல் 1832 வரை அரசுரிமை பெற்றிருந்த இரண்டாம் சரபோஜி, சுவார்ட்சு ஐயரிடம் கல்வி பெற்றவர். மேலை நாட்டு மருத்துவத்திலும் இயற்கை நூலிலும் ஈடுபாடுடையவர். சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்தவர். அவர் பெயரில் வழங்கும் 'தேவேந்திர குறவஞ்சி' மராத்தி மொழியில் அமைந்த இசை நாடகம். அதன் பொருள் உலகப் புவியியல். கண்டங்களும் நாடுகளும் அதில் பாட்டாக வருகின்றன.

குறவஞ்சியை இதற்குத் தேர்ந்தது தற்செயல் ஆகாது. குறவஞ்சியில் குறத்தி தன் மலைவளம் பாடுவாள், நாட்டுவளம் பாடுவாள், தான் குறி சொல்லிச் சென்ற ஊர்களை வரிசையாகச் சொல்லுவாள். ஊர்ப் பெயர்களை அடுக்குதற்கு அவ்வடிவத்தில் ஓர் இடம் முன்னமே இருந்தது. அவ்விடத்தில் திருக்குற்றாலத்துக்கும் பொதிகைக்கும் மாற்றாக ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் வந்து அமர்ந்தன. கேட்பவர்க்கு மெட்டும் வடிவமும் பழகியவை. செய்தி மட்டுமே புதிது. சுவார்ட்சரிடமே பயின்ற தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரும் தம் பெத்லகேம் குறவஞ்சியில் அக்காலத்துப் புதிய நிலநூல், வானநூற் செய்திகளுக்கு இடம் தந்தார். ஒரே ஊரில், ஒரே ஆசிரியரின் மாணவர் இருவர், ஒருவர் அரசவையிலும் மற்றவர் திருச்சபையிலும், ஒரே இலக்கிய வகையைக் கையாண்டது குறிப்பிடத்தக்கது.

கவிஞர்கள் இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. புதிய செய்தியைப் பாடுதற்குப் புதிய வடிவம் தேடி அவர்கள் அலையவில்லை. மக்கள் நாவில் ஊறிய வடிவங்களுள் எதில் அச்செய்திக்கு இடம் இருக்கிறது என்று பார்த்தனர்.

உரைநடை வந்த பின்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. அச்சு பரவியது, பாடநூல்கள் உரைநடையில் வந்தன. 1832இல் ரேனியசு ஐயரின் 'பூமி சாஸ்திரம்' வெளிவந்தது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவப் பணி செய்த அமெரிக்கரான சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் (1822–1884) மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூறு, அறுவை மருத்துவம் ஆகியவற்றைத் தமிழில் பெயர்க்கச் செய்தார். 1875இல் 'கெமிஸ்தம்' என்னும் வேதியியல் நூலையும் வெளியிட்டார்.

இம்மாற்றத்தால் விளைந்த நன்மை பெரிது. 'ஏன்', 'எவ்வாறு', 'இன்ன நிலையில் மட்டும்' என்னும் தொடர்களை உரைநடை எளிதாகச் சுமக்கும். செய்யுள் பெயர்களையும் வரிசைகளையும் அழகாகச் சுமக்கும். விதிவிலக்குகளைச் சுமக்கத் தடுமாறும். புதுச்சேரிக் கணியரின் நாவிலிருந்த அட்டவணைக்கு வேண்டியிருந்த விளக்கம் உரைநடையில்தான் எழுத முடிந்தது.

எனினும் இழப்பும் நேர்ந்தது. உரைநடைப் பாடநூலைப் பிள்ளைகள் செய்யுளைப் போலவே மனப்பாடம் செய்தனர். செய்யுளின் இனிமை போயிற்று. மனப்பாடம் மட்டும் நின்றது. வினாவுக்கு உரிய விடையைச் சொல்மாறாமல் ஒப்பிக்கும் வழக்கம் அறிவியல் வகுப்பில் வேரூன்றியது. இத்தகைய வகுப்பிலிருந்து விலகி நின்று, தமிழில் அறிவியலைச் சுவையோடு சொன்ன பெருமை பெ. நா. அப்புசாமிக்கு (1891–1986) உரியது. வழக்கறிஞரான அவர் சங்கப் பாடல்களில் தோய்ந்தவர். அவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். அவருடைய அறிவியல் உரைநடையின் தெளிவுக்கு அந்தச் செய்யுட் பயிற்சியும் ஒரு காரணம் எனலாம்.

குழந்தைக் கவிஞர்களின் காலம்

இருபதாம் நூற்றாண்டில் குழந்தைகளுக்கென்றே பாட்டெழுதும் புலமை தோன்றியது. பாரதியின் பாப்பா பாட்டு 1915இல் வெளிவந்தது. அதில் பறவையும் விலங்கும் குழந்தையின் உறவாகின்றன. அவரே தம் புதிய ஆத்திசூடியில் வானநூல் பயில்வதையும் ஓர் ஒழுக்கமாகச் சேர்த்தார். ஔவையின் ஆத்திசூடி அறத்தை அகர வரிசையில் அடுக்கியது. அவ்வரிசையில் வானியலும் இடம்பெற்றது பெருமாற்றமே.

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை (1876–1954) ஆசிரியர், கல்வெட்டு ஆய்வாளர். 1938இல் வந்த 'மலரும் மாலையும்' தொகுதியின் குழந்தைப் பாடல்களில் பசுவும் கன்றும் கோழியும் காக்கையும் உள்ளவாறே நடமாடுகின்றன. கல்லில் தேய்ந்த எழுத்தை உற்று நோக்கிப் படித்த கண்ணே கன்று தாயை முட்டிப் பால் அருந்துவதையும் உற்று நோக்கியது. கவிமணி எங்கும் 'இது அறிவியல்' என்று சொல்லவில்லை. ஆயினும் உற்றுநோக்கல் என்னும் அறிவியலின் முதற்படியில் குழந்தையை அவர் கைப்பிடித்து ஏற்றிவிட்டார்.

புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் நெடுங்காலம் தமிழாசிரியராக இருந்த பாரதிதாசன், 'இளைஞர் இலக்கியம்' என்ற தொகுதியில் இயற்கைப் பொருள்களையும் ஊர்திகளையும் தொழில்களையும் எளிய ஓசையில் பாடினார். வகுப்பறையில் நின்றவரின் கைப்பழக்கம் அப்பாடல்களில் தெரியும்.

இராயவரத்தில் பிறந்து வங்கிப் பணியில் இருந்த அழ. வள்ளியப்பா (1922–1989) 1944இல் 'மலரும் உள்ளம்' தந்தார். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் அமைய முன்னின்றார். 'பூஞ்சோலை', 'கோகுலம்' இதழ்களின் ஆசிரியராகவும் இருந்தார். தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் அவர் பாட்டைப் பாடாத தலைமுறை இல்லை. அடிக்கு மூன்று நான்கு சீர், சீருக்கு இரண்டு மூன்று அசை, எவ்விடத்திலும் மூச்சுத் திணறாத நடை. குழந்தையின் மூச்சளவே அவருடைய அடியளவு.

இவர்களோடு பெரியசாமித் தூரனை (1908–1987) நினையாமல் இருத்தல் இயலாது. அவர் கவிஞர், கருநாடக இசையில் கீர்த்தனைகள் இயற்றியவர், தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியத்துக்கும் அதன்பின் குழந்தைகள் கலைக்களஞ்சியத்துக்கும் முதன்மையாசிரியர். முதலாவது 1954 முதல் 1968 வரையிலும், இரண்டாவது 1968 முதல் 1976 வரையிலும் பத்துப் பத்துத் தொகுதிகளாக வெளிவந்தன. இசையும் அறிவியலும் ஒரே மனிதரிடம் குடிகொண்டிருந்தன. இருந்தும், கலைக்களஞ்சியம் உரைநடையாகவும் கீர்த்தனை பக்தியாகவும் தனித்தனியே நடந்தன. அறிவியற் கருத்தை விளக்கும் பாட்டு எனத் தனியொரு வகை அக்காலத்தில் கிளைத்துச் செழிக்கவில்லை. இயற்கையைப் பாடும் பாட்டு இருந்தது. இயற்கையின் இயக்கத்தை வினவும் பாட்டுக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இசைத்தட்டில் ஏறிய அறிவியல்

அத்தகைய பாட்டு வேறொரு நாட்டில், வேறொரு நெருக்கடியில் பிறந்தது. 1957 அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. தம் பிள்ளைகள் அறிவியலில் பின்தங்கிவிட்டனரோ என்னும் அச்சம் அமெரிக்காவைப் பற்றியது. மறு ஆண்டே அறிவியற் கல்விக்குப் பெரும்பொருள் ஒதுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. அச்சூழலில் 1959 தொடங்கி ஆறு இசைத்தட்டுகள் வெளிவந்தன. விண்வெளி, ஆற்றலும் இயக்கமும், சோதனைகள், வானிலை, இயற்கை ஆகியவை அவற்றின் பொருள்கள். பாட்டெழுதியவர் ஹை ஸாரெட். இசை லூ சிங்கர். 1955இல் திரைப்படத்துக்காக எழுதி உலகெங்கும் பாடப்பெற்ற 'அன்செயின்ட் மெலடி' என்னும் காதற் பாட்டும் ஸாரெட் எழுதியதே. காதற்பாட்டுக்காரர் கதிரவனையும் காந்தத்தையும் பாட வந்தார்.

அடுத்த அலை தொலைக்காட்சியில் எழுந்தது. டேவிட் மெக்கால் என்னும் விளம்பரத் துறையாளர், தம் மகனுக்குப் பெருக்கல் வாய்பாடு மனத்தில் நிற்காததையும், அதே சிறுவனுக்கு ராக் பாட்டுகள் அத்தனையும் நாவில் நிற்பதையும் கண்டார். வாய்பாட்டுக்கு மெட்டமைக்க ஜாஸ் இசைஞர் பாப் டோரோவை நாடினார். 1973இல் 'ஸ்கூல்ஹவுஸ் ராக்' என்னும் வரிசை ஒளிபரப்பாயிற்று. சனிக்கிழமைக் காலைக் கேலிச்சித்திரப் படங்களுக்கு இடையே சில நிமிடப் பாட்டுகள் வந்தன. 1978இல் அறிவியற் பாட்டுகளும் சேர்ந்தன. திண்ணைப் பள்ளி ஆசிரியர் நன்கறிந்திருந்த ஒன்றை நியூயார்க் விளம்பரத் துறையாளர் தம் வீட்டில் புதிதாகக் கண்டுபிடித்தார் என்று கூறினால் மிகையாகாது.

ஊர்வலமாக வந்த பாட்டு

இந்தியாவில் இவ்வகைப் பாட்டு இசைத்தட்டின் வழியே வரவில்லை. தெருவின் வழியே வந்தது. 1962இல் கோழிக்கோட்டில் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத், 1970இல் 'யுரேக்கா' என்னும் சிறுவர் அறிவியல் இதழைத் தொடங்கியது. 1980இல் கலைப்பயணம் என்னும் புதிய வடிவத்தைக் கண்டது. கலைஞர் குழு ஊர் ஊராகச் சென்று பாட்டு, ஆட்டம், சிறு நாடகம் ஆகியவற்றால் அறிவியற் செய்திகளைச் சொன்னது. 1987 அக்டோபர் 2ஆம் நாள் நாட்டின் ஐந்து திசைகளிலிருந்து மக்கள் அறிவியல் பயணக் குழுக்கள் புறப்பட்டன. சர் சி. வி. இராமன் பிறந்த நாளான நவம்பர் 7ஆம் நாள் அவை போபாலில் ஒன்றுகூடின. மூன்றாண்டுகளுக்கு முன் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்ட நகரத்தை முடிவிடமாகக் கொண்டதன் பொருள் எல்லோர்க்கும் விளங்கியது. அறிவியலை வாழ்த்திப் பாடினால் போதாது. அறிவியலைக் கேள்வி கேட்டும் பாட வேண்டும் என்பதே அப்பொருள்.

1980இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இவ்வலையில் பங்கு கொண்டது. 1987இல் 'துளிர்' என்னும் சிறுவர் அறிவியல் இதழ் பிறந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் மாவட்டந்தோறும் பரவியபோது, கிராமியப் பாட்டே அதன் உயிர்நாடியாயிற்று. புதுக்கோட்டையில் பெண்கள் மிதிவண்டி கற்றதற்கும் ஒரு பாட்டு துணை நின்றது. எழுதப் படிக்கத் தெரியாத தாய் மாலையில் கற்ற பாட்டை மறுநாள் அவள் பிள்ளை பள்ளியில் பாடியது. கும்மி, தெம்மாங்கு, ஒயிலாட்டம், வில்லுப்பாட்டு ஆகியவை தொற்றுநோயையும் குடிநீரையும் கிரகணத்தையும் சொல்லத் தொடங்கின. தஞ்சைக் குறவஞ்சியில் நிகழ்ந்தது மீண்டும் நிகழ்ந்தது. இம்முறை அரண்மனையில் அன்று, ஆலமரத்தடியில்.

பிற்காலத்தில் அரசின் திட்டங்களும் பாட்டை ஏற்றன. 2022இல் தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளுக்கென வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பாட்டும் கதையும் ஆடலும் கற்பித்தலின் உறுப்புகளாக அமைந்தன.

ஒன்பது எட்டான போது

பாட்டின் வலிமையே அதன் இடர் என்பதை ஒரு நாள் உலகம் முழுவதும் கண்டது. 2006 ஆகஸ்டு 24ஆம் நாள் பிராகு நகரில் கூடிய பன்னாட்டு வானியல் ஒன்றியம், 1930இல் கண்டறியப்பெற்ற புளூட்டோ இனிக் கோள்களின் வரிசையில் இல்லை என்று முடிவு செய்தது. அன்றுவரை உலகின் பல மொழிகளில் ஒன்பது கோள்களை வரிசைப்படுத்திய பாட்டுகள் எல்லாம் ஒரே நாளில் பிழையாயின. பாடநூலில் ஒரு வரியை அடுத்த பதிப்பில் நீக்கிவிடலாம். நாவில் ஏறிய அடியை எப்பதிப்பில் நீக்குவது? அடியை எடுத்தால் சந்தம் முறியும். சந்தத்தைக் காத்தால் பிழை வாழும்.

இச்சிக்கலுக்கு ஓர் இனிய விடை ஸாரெட்டின் பாட்டாலேயே விளைந்தது. கதிரவன் ஏன் ஒளிர்கிறது என்பதைச் சொல்லும் அவருடைய 1959ஆம் ஆண்டுப் பாட்டு, கதிரவனைக் கனன்றெரியும் வாயுத்திரள் என்று வருணித்தது. 'தே மைட் பி ஜயன்ட்ஸ்' என்னும் இசைக்குழு 1993இல் அதனை மீண்டும் பாடிப் புகழ் பெறச் செய்தது. கதிரவனில் உள்ள பொருள் வெறும் வாயு அன்று. எலக்ட்ரான்கள் பிரிந்து நிற்கும் பிளாஸ்மா என்னும் நிலையில் உள்ளது. 2009இல் அக்குழு சிறார்க்கென வெளியிட்ட அறிவியற் பாட்டுத் தொகுப்பில் பழைய பாட்டை நீக்கவில்லை. அதையடுத்து, அப்பாட்டின் பிழையை எடுத்துக் காட்டும் புதிய பாட்டொன்றைச் சேர்த்தது. பாட்டுக்கு மறுப்புப் பாட்டு. முன்னது என்ன சொன்னது, பின்னது ஏன் மறுத்தது என்று கேட்கும் குழந்தை, கதிரவனைப் பற்றி ஒன்றும், அறிவியலைப் பற்றி ஒன்றும் ஆக இரண்டு பாடங்களைப் பெறுகிறது.

தமிழ் மரபுக்கு இது புதிதன்று. தஞ்சைப் பகுதியின் லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரு தரப்பினர் எதிரெதிர் அமர்ந்து, மன்மதன் எரிந்தானா இல்லையா என்று விடிய விடியப் பாட்டாலேயே வாதிடுவர். ஒருவர் பாடியதற்கு மற்றவர் பாடி மறுக்க வேண்டும். பூமி சுற்றுகிறது என ஒரு கட்சியும், கதிரவனே சுற்றுகிறது என மற்றொரு கட்சியுமாக ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அமர்த்துவதற்கு வேண்டிய வடிவம் இம்மண்ணில் ஆயத்தமாக இருக்கிறது.

பிள்ளைத்தமிழின் அம்புலிப் பருவமும் அத்தகையதே. சந்திரனைக் குழந்தையோடு விளையாட அழைக்கும் புலவர், சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நான்கு வழிகளையும் கையாளுவார். நீ தேய்கிறாய், உனக்குக் களங்கம் உண்டு, பாம்பு உன்னை விழுங்கும் என்றெல்லாம் சந்திரனுக்குச் சொல்லுவார். தேய்வதும் களங்கமும் கண்ணால் கண்டவை. பாம்பு விழுங்குதல் கேட்டறிந்த கதை. பாட்டில் இரண்டும் ஒரே சந்தத்தில் ஒன்றாக வருகின்றன. எது கண்டது, எது கேட்டது என்று பிரித்துக் காட்டுதல் சந்தத்தால் ஆவதன்று. அது பாட்டைக் கற்பிப்பவரின் கடமை.

தொல்காப்பிய மரபியலுக்கும் இது பொருந்தும். உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்த அந்நூற்பாக்கள் உலகின் தொன்மையான உயிர்ப் பகுப்புகளுள் வைத்து எண்ணத்தக்கவை. அவற்றில் எறும்பு மூவறிவுயிர். கண்ணறிவு அதற்குச் சொல்லப்படவில்லை. பெரும்பாலான எறும்புகளுக்குக் கூட்டுக்கண் உண்டு என்பதை இன்று ஓர் உருப்பெருக்கியின் அடியில் பிள்ளை காணலாம். அப்படிக் காண்பது தொல்காப்பியர்க்கு இழுக்காகாது. உயிர்களை அவற்றின் புலன்களைக் கொண்டு வகுக்கலாம் என்னும் வழியைத் திறந்தவர் அவர். அவ்வழியில் ஓரடி மேலே நடப்பதே அவர்க்குச் செய்யும் மரியாதை.

பாட்டு விடும் இடம்

இந்நெடிய வரலாற்றிலிருந்து சில முடிவுகள் தாமே புலப்படுகின்றன. பெயர், வரிசை, சுழற்சி ஆகியவற்றைப் பாட்டு நன்கு சுமக்கும். நீர் ஆவியாகி முகிலாகி மழையாகும் சுழற்சி பல்லவிக்குத் திரும்பி வரும் பாட்டின் அமைப்போடு இயல்பாகவே பொருந்தும். காரணத்தையும் விதிவிலக்கையும் பாட்டு தனியே சுமக்க இயலாது; அங்கு உரையாடலும் செய்கையும் துணை வரவேண்டும். விடையோடு முடியும் பாட்டைவிட, விடுகதையைப் போல வினாவோடு நிற்கும் பாட்டு குழந்தையை வெளியே அனுப்பும், கண்டுவரச் செய்யும். செய்தி மாறக்கூடிய இடத்தில் மாற்றத்துக்கு இடம் விட்டு எழுதுவதும் இவ்வகைக் கவிஞரின் கடமையாகும்.

கவிஞர்கள் கூடும் ஓர் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் இதனை நினைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அறிவியற் பாட்டு எழுதும் பொறுப்பு பெரும்பாலும் ஆசிரியர்களிடமும் இயக்கத் தொண்டர்களிடமுமே விடப்பட்டிருக்கிறது. கவிஞர்கள் அதனைக் கவிதையின் புறக்கடையில் நிறுத்தினர். ஆனால், கன்று பால் குடிப்பதைக் கண்டெழுதிய கவிமணியும், கலைக்களஞ்சியம் தொகுத்த தூரனும் கவிஞர்களே. ஆறு வயதுப் பிள்ளையின் நாவில் ஏறும் அடி அறுபது ஆண்டுகள் அங்கேயே வாழும். அத்தனை நீண்ட வாழ்வுடைய அடியை எழுதுவதற்கு யாப்பறிவும் வேண்டும். ஐயம் கொள்ளும் மனமும் வேண்டும்.

புதுச்சேரிக் கணியர் சோழிகளை நகர்த்தி நிழலின் நேரத்தைச் சொன்னார். தொடக்கத்தை நான்கே நிமிடப் பிழையில் சொன்ன அவரிடம், முடிவில் ஏன் ஐம்பத்திரண்டு நிமிடம் தவறியது என்று கேட்கும் பழக்கத்தை அவருக்குக் கற்பித்தவர் எவரும் ஊட்டவில்லை. மனப்பாடத்தை அவருக்குக் கொடுத்த மரபு மறுவினாவைக் கொடுக்க மறந்தது. இனி எழுதப்படும் பாட்டு அவ்விரண்டையும் சேர்த்தே பிள்ளையின் கையில் கொடுக்குமானால், ஆசிரியர் செய்யுளைச் சொல்லி முடிக்கும் முன்னரே பலாப்பழத்தை அறுக்கச் சொல்லி ஒரு குரல் வகுப்பின் கடைசி வரிசையிலிருந்து எழும்.